சாம்பல் சட்டைக் காகம்

நான் நோர்வேக்கு, ஒஸ்லோ நகரின் ஓரத்திலிருக்கும் குரோருட்டுக்கு வந்து முப்பது வருடமாகிறது. எங்கள் மாடி வீட்டிலிருந்து இறங்கிப் பத்து நிமிடம் நடந்தால் ஆல்னா ஆறு. அந்தப் பத்து நிமிடத்தை நடக்க எனக்கு முப்பது வருடம் தேவைப்பட்டது. சீனி வருத்தம் வந்தபோது டொக்டர் நடக்கச் சொன்னார், தலையாட்டிவிட்டு வந்தேன். மனைவி சொன்னாள், அதற்கும் தலையாட்டினேன். கடைசியில் என்னை ஆற்றங்கரைக்கு இழுத்துக்கொண்டு போனது ஒரு காகம். அதுவும் வராமல் போன காகம்.

அதைச் சொல்வதென்றால் முதலில் மாமாவைச் சொல்ல வேண்டும். மாமா என்றால் என் மனைவியின் அப்பா. யாழ்ப்பாணத்தில் மகனோடு இருந்தார். அவருக்கும் சீனி, அதோடு நெஞ்சு வருத்தம். எண்ணெய்ச் சாமானே கூடாது என்று டொக்டர்மார் சொல்லியிருந்தார்கள். மனிதரோ பின்னேரத்தில் சந்திக் கடைக்குப் போய் வடை வாங்கி, கடதாசியில் சுற்றிக்கொண்டு வந்து, வீட்டில் கண்ட கண்ட இடத்தில் ஒளித்து வைத்துத் தின்பார். மச்சான் ஒஸ்லோவுக்குப் போன் எடுத்து முறைப்பாடு சொன்னான். மனைவி தகப்பனைப் போனுக்குக் கூப்பிட்டு ஏசினாள். அவள் சிறுபிள்ளைகளின் பள்ளியில் வேலை செய்கிறவள். இருபது குழந்தைகளை ஒரு குரலில் அடக்கக்கூடியவள். அந்தக் குரலில் ஏசி, கடைசியில் "இனி உங்களோடை கதைக்க மாட்டன்" என்று சொல்லிப் போனை வைத்தாள். ஐந்தாம் நாள் மாமா நித்திரையில் போய்விட்டார்.

டிக்கெற் எடுத்துப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும் என்றார்கள். அவள் போகவில்லை.

முப்பத்தோராம் நாள் அங்கே மச்சான் அந்தியேட்டிக் கிரியை செய்தான். இங்கே அவள் விரதமிருந்து, சமைத்து, படத்துக்கு முன்னால் படைத்து, பால்கனியில் காகத்துக்கு ஒரு பிடி வைத்தாள். வடை மட்டும் சுடவில்லை. படையலில் வடை இல்லையா என்று நான் கேட்டதற்கு, அவருக்கு எண்ணெய் கூடாது என்றாள். செத்தவருக்குமா என்று கேட்க வாய் வந்தது. நல்ல வேளையாக விழுங்கிக்கொண்டேன்.

காகம் தொட்ட பிறகுதான் வீட்டார் சாப்பிடுவது. காகம் வரவில்லை. வந்தவை வெள்ளையும் கறுப்புமாக, நீண்ட வாலோடு இருக்கும் ஷேரெப் பறவைகள். அவள் துணியை வீசி விரட்ட, அவை மேல்மாடிப் பால்கனிக் கம்பியில் இருந்து அவளை ஏசின. இதற்கிடையில் சோறு கீழ்வீட்டுக்காரரின் பூச்சாடியில் விழுந்து, பறவைகளுக்குத் தீனி வைத்தால் எலி வரும் என்று அடுத்த கிழமை கட்டடச் சங்கத்திலிருந்து கடிதமும் வந்தது. கார்த்திகை மாதம், நாலு மணிக்கே இருட்டிவிட்டது. இருட்டினால் காகம் எங்கே வருவது? அவள் அன்று முழுக்கத் தேத்தண்ணியோடு இருந்தாள். படுக்கப் போகும்போது, "அப்பா என்னோடை கோவம். அதுதான் வரேல்லை" என்றாள்.

எனக்கு இந்த விஷயங்களில் பெரிய நம்பிக்கை இல்லை. ஆனால் அன்று அவள் முகத்தைப் பார்த்தது நான்தான். அடுத்த ஐப்பசியில் ஆண்டுத் திவசம் வரும். அன்றைக்கு ஒரு காகம் வந்தே ஆக வேண்டும், வராவிட்டால் கையைப் பிடித்தாவது கூட்டிக்கொண்டு வருவது என்று முடிவு செய்தேன். முடிவு செய்துவிட்டு வழக்கம்போல ஒன்பது மாதம் சும்மா இருந்தேன்.

ஆவணியில்தான் பயம் பிடித்தது. எனக்கு முதியோர் இல்லமொன்றில் சமையற்கட்டு வேலை, பின்னேர முறை. காலை ஏழு மணிக்கு மனைவி வேலைக்குப் போனால் பகல் வரை நான் தனிக்காட்டு ராசா. பாண் துண்டுகளை ஜக்கெட் பையில் போட்டுக்கொண்டு ஆற்றுக்கு இறங்கினேன். காகத்தைக் கூப்பிட எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு முறை. மரப்பாலத்தில் நின்று, "கா... கா..." என்று கூப்பிட்டேன். ஓடிக்கொண்டிருந்த ஒரு பெண் காதில் செருகியிருந்ததைக் கழற்றி என்னைப் பார்த்துவிட்டு, வேகத்தைக் கொஞ்சம் கூட்டிக்கொண்டு போனாள். ஆற்றிலிருந்து பதினேழு தாராக்கள் வரிசையாக ஏறி வந்து பாணைத் தின்றன. காகமில்லை.

மூன்றாம் நாள் வந்தது. ஒன்றல்ல, ஒரு கூட்டம். கறுப்பு உடம்பு, கழுத்தில் சாம்பல் நிறம், அச்சொட்டாக எங்கள் ஊர்க் காகம். கொஞ்சம் சின்னது, குளிர் நாட்டில் சாப்பாடு காணாது போலும் என்று நினைத்தேன். கண் வெளுத்திருந்தது, அதற்கும் குளிரிலேயே பழியைப் போட்டேன். இரண்டு கிழமை அவற்றுக்குக் கச்சான் கடலை வாங்கிப் போட்டு வளர்த்தேன். ஒரு நாள் கறுப்பு நாயோடு உலாத்த வரும் நோர்வேஜியப் பெண்மணி ஒருவர் நின்று பார்த்துவிட்டு, காயெ என்றால் எனக்கு அவ்வளவு பிரியமா என்று கேட்டார். காகம் என்றேன். இல்லை, இது காயெ, காகத்தின் ஒன்றுவிட்ட தம்பி. காகம் அதோ என்று எதிர்க்கரையைக் காட்டினார். அங்கே, உடம்பு முழுக்கச் சாம்பல் நிறமும் தலை, இறகு, வால் மட்டும் கறுப்புமாக, கையில்லாத கம்பளிச் சட்டை போட்ட மாதிரி ஒன்று நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. முப்பது வருடமாக பஸ் தரிப்பிடத்திலும் குப்பைத் தொட்டியிலும் பார்த்த பறவைதான். பார்த்தேனே தவிர ஒரு நாளும் அது என்னவென்று கேட்டதில்லை. கழுத்தில் சாம்பல் இருந்தால் காகம் என்று யாழ்ப்பாணத்துக் கணக்கில் இருந்துவிட்டேன். இரண்டு கிழமைக் கச்சானும் தம்பியின் வயிற்றுக்குள்.

இப்படி அவமானப்பட்ட பிறகுதான் நான் உண்மையாகப் பார்க்கத் தொடங்கினேன். காகத்துக்காகக் காத்திருக்கிறவனுக்கு வேறு வேலை என்ன? பாலத்துக்குக் கீழே ஒரு பேர்ச் மரத்தின் அடியில் புதிதாக மரத்துருவல் கிடந்தது. யாரோ கோடரி போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக் குனிந்து பார்த்தால், வெட்டு முழுக்கப் பல் அடையாளம். பீவர். எலிச்சாதியில் பெரியது, ஆற்றில் வாழ்கிறது, மரத்தைப் பல்லாலேயே அறுக்கிறது. ஒவ்வொரு காலையும் வெட்டு இரண்டு விரற்கடை ஆழமாகும். நான் கைவிரலை வைத்து அளந்துகொண்டு போவேன். புரட்டாதி நடுவில் ஒரு நாள் வந்து பார்த்தால் மரம் ஆற்றுக்குக் குறுக்கே கிடந்தது. கிளைகளையெல்லாம் யாரோ துப்புரவாகக் கொண்டுபோயிருந்தார்கள். அந்த வேலைக்காரனை நான் இன்றுவரை கண்ணால் கண்டதில்லை. ஒரு தச்சன் இவ்வளவு ஒழுங்காக வேலைக்கு வந்தால் என் சமையலறைக் கதவு எப்போதோ சரியாகியிருக்கும்.

றொங்ன் என்று இவர்கள் சொல்லும் மரம் அந்த வருடம் சிவப்புப் பழத்தால் வளைந்து நின்றது. நாய்க்காரப் பெண்மணி அதைக் காட்டி, இந்த மரம் இரண்டு தரம் பாரம் சுமக்காது, இப்போது பழத்தைச் சுமந்தால் குளிரில் பனியைச் சுமக்க வேண்டியிராது, ஆகையால் இந்த வருடம் பனி குறைவு என்றார். மரத்திடம் இவ்வளவு நியாயம் எதிர்பார்க்கிற ஆட்களை நான் அதற்கு முன் அறியவில்லை. ஒரு பழத்தைப் பிய்த்து வாயில் போட்டேன். புளிப்பு, கசப்பு, அதன்பிறகு நாக்கே இல்லாத மாதிரி. ஊறுகாய் போடலாமா என்று யோசித்தபடி துப்பினேன்.

குளிர் இறங்க இறங்க ஆறு ஆட்களை மாற்றிக்கொண்டது. பாதையெல்லாம் கிடந்த மண்ணிற ஓடில்லா நத்தைகள் மறைந்தன. பாறைகளுக்கு நடுவே தண்ணீர் பாயும் இடத்தில், கழுத்தில் வெள்ளைத் துணி கட்டின கறுப்புக் குஞ்சு மாதிரி ஒரு பறவை வந்து நின்று, காரணமில்லாமல் முழங்காலை மடக்கி மடக்கித் தோப்புக்கரணம் போட்டது. பிறகு தண்ணீருக்குள் நடந்து இறங்கியது. நீந்தவில்லை, பாயவில்லை, நடந்துதான் இறங்கியது. தலை மறைந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பத்தடி மேலே, ஒன்றும் நடவாததுபோல் ஏறி வந்து மறுபடி தோப்புக்கரணம். பெயர் பொஸ்ஸெகால், இந்த நாட்டின் தேசியப் பறவையாம். குடியுரிமை எடுத்து இருபத்தைந்து வருடமாகிறது. எனக்கு இது ஒரு வார்த்தை தெரியாது. அன்று வேலைக்குப் பிந்திப் போனேன்.

இவ்வளவுக்கும் நடுவில் என் காரியத்தில் கண்ணாகத்தான் இருந்தேன். அந்தச் சாம்பல் சட்டைக்காரருக்கு இடக்காலில் ஒரு விரல் இல்லை. அதை வைத்து ஆளை அடையாளம் பிடித்தேன். முதல் கிழமை, நான் கச்சானைப் பாலத்துக் கம்பியில் வைத்துவிட்டு இருபது அடி தள்ளிப் போனால்தான் வருவார். இரண்டாம் கிழமை பத்து அடி. புரட்டாதி முடிவில், நான் பாதை வளைவில் திரும்பும்போதே மேப்பிள் மரத்திலிருந்து இறங்கி, கம்பியில் நின்று, 'என்ன, பிந்திவிட்டீர்' என்பதுபோலப் பார்ப்பார். அவர், இவர் என்று எப்போது மரியாதை கொடுக்கத் தொடங்கினேன் என்று எனக்கே தெரியாது.

கச்சான் போதாது. திவசத்தன்று வைக்கப்போவது சோறும் கறியும். இந்த முறை வடையும் சுடப் போகிறேன் என்று மனைவி ஒரு நாள் தானாகவே சொன்னாள், என் முகத்தைப் பார்க்காமல். ஆகவே ஆளை வடைக்குப் பழக்க வேண்டும். நகருக்குள், குறொன்லாண்ட் பகுதியிலுள்ள தமிழ்க் கடையில் வடை வாங்கி, ஐஸ்பெட்டியில் மீன் பொட்டலத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். காலையில் இரண்டை எடுத்துச் சூடாக்கி, கடதாசியில் சுற்றி, ஜக்கெட் பைக்குள். ஒன்று காகத்துக்கு. மற்றது யாருக்கு என்று கேட்கக்கூடாது. ஆற்றங்கரைக் குளிரில் சுடச்சுட உளுந்து வடை தின்றவனுக்குத்தான் அந்த நியாயம் புரியும்.

காகம் முதல் வடையைக் கொத்திவிட்டுப் பின்னால் பாய்ந்தது. சுற்றி வந்தது. நடுவிலிருந்த ஓட்டைக்குள் அலகை விட்டுத் தூக்கிப் பார்த்தது. பிறகு கௌவிக்கொண்டு பறந்தது. எனக்கு வந்த சந்தோசத்தில் கைதட்டிவிட்டேன்.

ஆனால் அது தின்னவில்லை. மேப்பிள் மரத்தடிக்குப் போய், இடமும் வலமும் பார்த்து, மஞ்சள் இலைகளுக்குள் வடையைச் செருகி, ஓர் இலையை எடுத்து மேலே போட்டு மூடியது. மூடிவிட்டு இரண்டடி போய், திரும்பி வந்து, இன்னுமோர் இலை போட்டது. மறுநாளும் அப்படித்தான். இலையுதிர் காலத்தில் இந்தச் சாதி முழுவதுக்கும் இதுதான் வேலை என்று நாய்க்காரப் பெண்மணி சொன்னார். நீலப் பட்டி இறகோடு ஒரு நோட்டெஸ்கிரீக்கெப் பறவை ஓக் கொட்டைகளை ஒவ்வொன்றாகப் புல்லுக்குள் அடித்து இறக்குவதைக் காட்டினார். பனிக்காலத்தில் தோண்டி எடுக்குமாம். வேறு காகம் பார்த்துக்கொண்டிருந்தால் ஒளிப்பதுபோல நடித்துவிட்டு வேறிடத்தில் ஒளிக்குமாம். நான் இதையெல்லாம் வாய் பிளந்து கேட்டுக்கொண்டு நின்றேன். வீட்டுக்கு நடக்கும்போதுதான் உறைத்தது: காகம் தொட வேண்டும் என்றுதான் சாத்திரம். தொட்டுவிட்டுத் தின்னாமல் புதைத்தால் அது கணக்கில் சேருமா? யாரிடம் கேட்பது? கோயில் ஐயரிடம் கேட்டால் மனைவி காதுக்குப் போகும்.

திவசம் வந்தது. முதல்நாள் இரவு உறைபனி. காலையில் மேப்பிள் இலைகள் காற்றில்லாமலே உதிர்ந்துகொண்டிருந்தன. மனைவி விடுப்பு எடுத்து நாலு மணிக்கு எழும்பிச் சமைத்தாள். படைத்து முடிந்ததும், பால்கனியில் வைத்தால் சங்கம் மறுபடி கடிதம் போடும், ஆற்றங்கரையில் வைப்போம் என்றேன். என் குரல் எனக்கே கள்ளக் குரலாகக் கேட்டது. அவள் மறுக்கவில்லை. சோறு, கறி, இரண்டு வடை. வாழையிலைத் துண்டில் பொதிந்து எடுத்துக்கொண்டு நடந்தோம். வழியில் அவள் றொங்ன் மரத்தையோ விழுந்த பேர்ச் மரத்தையோ பார்க்கவில்லை. வானத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

என் திட்டம் சுலபமானது. இலையை வைப்பது, கொஞ்சம் தள்ளி நிற்பது, காகம் இருக்கப் பனம்பழம் விழுந்ததுபோல ஒரு காகம் தற்செயலாக வந்து எடுப்பது. நான் மறந்துபோனது ஒன்று. பாதை வளைவில் திரும்பியதுமே ஆள் மரத்திலிருந்து இறங்கி, அவளைத் தாண்டி, எனக்கு ஓரடி முன்னால் கம்பியில் வந்து நின்று, என் ஜக்கெட் பையைப் பார்த்துத் தலையைச் சரித்தார்.

கையும் களவுமாகப் பிடிபட்டேன். அவள் காகத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு பையைப் பார்த்தாள்.

"எத்தினை நாளாய்?" என்றாள்.

"ஆவணியிலையிருந்து."

எல்லாவற்றையும் கெடுத்துவிட்டேன் என்று அப்போது விளங்கியது. கூப்பிடாமல் வர வேண்டிய காகத்தை நான் வடை கொடுத்துப் பழக்கி வைத்திருக்கிறேன். இனி இது வந்தால் என்ன, வராவிட்டால் என்ன? அவளுக்கு வேண்டியது தகப்பன். நான் கொண்டுவந்து காட்டியது என் கூட்டாளி. மன்னித்துக்கொள்ளும் என்று சொல்ல வாயெடுத்தேன்.

அவள் முந்திக்கொண்டாள். "பொக்கற்றிலை எண்ணெய் பிரண்டு கிடக்குது எண்டு எனக்கு ஒரு மாதமாய்த் தெரியும். நீங்கள் ஒளிச்சுத் தின்னுறீங்கள் எண்டுதான் நினைச்சன்."

பாதி உண்மை என்பதை அந்த இடத்தில் சொல்லவில்லை. "பிறகேன் ஏசேல்லை?" என்று மட்டும் கேட்டேன்.

"ஒருக்கா ஏசினது போதும்."

அதைச் சொல்லிவிட்டு அவள் குனிந்து, இலையைப் பாலத்தடியில் விரித்தாள். நாங்கள் இரண்டு பேரும் பின்னால் நகர்ந்தோம். அவள் "கா, கா" என்று கூப்பிடவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு, நம்பிக்கையே இல்லாதவள்போல நின்றாள். காகம் இறங்கி இலையைச் சுற்றி ஒரு நடை நடந்தது. சோற்றைத் தொடவில்லை. கத்தரிக்காயைத் தொடவில்லை. ஒரு வடையைக் கௌவிக்கொண்டு மேப்பிள் மரத்தடிக்குப் போனது. இடம் பார்த்தது, வலம் பார்த்தது. இலைகளுக்குள் செருகி, மேலே ஓர் இலை போட்டு மூடியது. திரும்பி வந்து மற்ற வடையை எடுத்தது. இதை அதே இடத்தில் வைக்காமல், எங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு, ஒரு பாறை இடுக்குக்குள் கொண்டுபோய்ச் செருகியது.

போச்சு என்று நினைத்தேன். பக்கத்தில் அவள் மூச்சு மாறிவிட்டது. திரும்பிப் பார்த்தால் கையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று பிடிபடவில்லை, இரண்டும்தான்.

"இதுவும் நீங்கள் பழக்கினதோ?"

"இல்லை," என்றேன். "சத்தியமாய் இல்லை. அது தானாய்ச் செய்யிறது."

அவள் என்னை விட்டு நடந்து, மரத்துக்குச் சற்றுத் தள்ளி நின்றாள். காகம் பறக்கவில்லை. ஒளித்த இடத்துக்கு மேல் ஒரு காலை வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தது. அவள் இருபது பிள்ளைகளை அடக்கும் குரலை எங்கோ வைத்துவிட்டு, வீட்டுக்குள் கதைப்பதுபோல மெதுவாகச் சொன்னாள்.

"ஒளிக்க வேண்டாம் அப்பா. இருந்து ஆறுதலாய்த் தின்னுங்கோ. நான் ஏச மாட்டன்."

காகம் இலையை விலக்கி, வடையை வெளியே இழுத்து, காலால் அமத்திப் பிடித்துக்கொண்டு கொத்தத் தொடங்கியது. பசித்திருக்கும். அது முழுவதையும் தின்று முடிக்கும் வரை அவள் அங்கேயே நின்றாள். பிறகு, "எனக்கும் பசிக்குது, வீட்டை போவம்" என்றாள்.